மெட்டுக்கு மேலே கொதித்த தண்ணீர்

மீட்டர் சரிபார்க்கிற இந்தப் பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களில் யாராவது, பனிக்கட்டித் தண்ணீரில் டயல் மீட்டரின் தண்டை இறக்கிவிட்டு, முள் கீழே வருவதைச் சும்மா உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். தண்டை விட்டதும் கைபேசியை எடுத்துவிடுகிறீர்கள். முள் நின்ற பிறகு வந்து எண்ணைக் குறிக்கிறீர்கள். அதில் தப்பொன்றும் இல்லை, வேலை நடக்கிறது. நான் மட்டும் ஓய்வு பெறுகிற நாள்வரை அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். முள் முதலில் கொஞ்சம் தயங்கும். பிறகு எதையோ நினைத்துக்கொண்டதுபோல விறுவிறுவென்று இறங்கும். சுழியத்தை நெருங்கும்போது மறுபடி மெதுவாகிவிடும், தூக்கம் வருகிற கண் மூடுவதுபோல. கம்பத்துப் பக்கமிருந்து காற்று வீசுகிற மாதங்களில், பட்டறையின் தகரக் கூரை சலசலக்க, நான் அந்த முள்ளைப் பார்த்தபடி எங்கெங்கோ போய்விட்டு வந்திருக்கிறேன். கிரேஸ் அக்கா உட்கார்ந்துகொண்டே தூங்குகிறாள் என்று தேனியில் ஒரு பேச்சு உண்டு. அது தூக்கமில்லை.

புத்தகத்தில் அதற்கு ஈருலோக வெப்பமானி என்று பெயர். இரண்டு உலோகத் தகடுகளை மெலிசாக அடித்து, முதுகோடு முதுகு பிரியாமல் ஒட்டிவிடுகிறார்கள். சூடு பட்டால் ஒன்று நன்றாக நீளும், மற்றது நீளவே மனசில்லாமல் கிடக்கும். ஒட்டியிருப்பதால் தனித்தனியாகப் போக வழியில்லை. அதனால் இரண்டும் சேர்ந்து வளைகின்றன. அந்தத் தகட்டைச் சுருள்சுருளாகச் சுற்றித் தண்டுக்குள் வைத்து, அடி முனையைத் தண்டோடும் மேல் முனையை முள்ளின் அச்சோடும் பொருத்திவிட்டால், சுருள் முறுக்கிக்கொள்ளும்போதெல்லாம் முள் திரும்புகிறது. கரண்டு வேண்டாம், பேட்டரி வேண்டாம், உடைந்து சிந்தப் பாதரசமும் இல்லை. அதனால்தான் நம் பள்ளத்தாக்கில் அது இல்லாத இடம் இல்லை. பால் குளிரூட்டும் தொட்டியில், நூற்பாலையின் நீராவிக் குழாயில், உத்தமபாளையத்து பேக்கரி அடுப்பில், ஆஸ்பத்திரியில் கத்தி கத்தரிக்கோல் அவிக்கிற பெட்டியில், மலைமேலே ஏலக்காய் காய வைக்கிற டிரையரில். உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டி சூடேறியதும் தானாக அணைகிறதே, அதற்குள்ளும் இதே ஒட்டிய தகடுதான் வளைகிறது.

இதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல வந்தது வேறு. அதே தகட்டால் ஒரு குடும்பம் இரண்டாகப் போக இருந்த கதை.

ஒரு மழைக்காலத்தில் கம்பத்திலிருந்து ஈஸ்வரன் என்பவர் பட்டறைக்கு வந்தார். நாற்பதைத் தொடுகிற வயது. கம்பத்தில் ஏலக்காய் வாங்கி விற்கிற கடை வைத்திருந்தார். கம்பம் மெட்டுக் கணவாயைத் தாண்டி, கேரளத்துப் பக்கம், அவருக்கும் அவருடைய அண்ணன் சுருளிவேலுக்கும் பொதுவில் ஓர் ஏலத் தோட்டம் இருந்தது. அண்ணன் மேலே இருந்து காயைப் பறித்துக் காய வைத்து அனுப்புவார். தம்பி கீழே விற்பார். அப்பா போன பிறகு இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஈஸ்வரன் துண்டில் சுற்றியிருந்த டயல் மீட்டரை என் மேஜைமேல் வைத்தார்.

"இத யாராச்சும் திருகிருக்காகளான்னு பாத்துச் சொல்லுங்கக்கா."

"ஓடுதா ஓடலையான்னுதானே எல்லாரும் கேப்பாக. நீங்க என்ன திருகிருக்காகளான்னு கேக்குறீங்க?"

அவர் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். இந்தப் பருவத்தில் அண்ணன் அனுப்பிய காய் மூட்டைக்குள் போனதும் பதத்துப் போகிறது. போடியில் வாங்கிய வியாபாரி திருப்பி அனுப்பிவிட்டார். திருப்பி அனுப்பியதோடு நிற்கவில்லை, நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டார். எடை நிற்பதற்காகக் காயை அரை ஈரத்திலேயே இறக்கிவிடுகிறீர்கள் என்று.

"எங்க அப்பா காலத்துலருந்து அந்தக் கடைக்குப் போறோங்க்கா. இப்படி ஒரு பேச்சு நான் கேட்டதில்ல. அண்ணங்கிட்டக் கேட்டா, அம்பதுலதான் முள்ளு நிக்கிது, சரியாத்தான் காய வைக்கிறேங்கிறாக. அப்ப முள்ளு பொய் சொல்லுது, இல்ல…"

"அண்ணனுக்குத் தெரியுமா, நீங்க இத எதுக்குக் கொண்டாந்தீங்கன்னு?"

"சர்வீசுக்குன்னு சொல்லித்தான் கழட்டிட்டு வந்தேன். ரெண்டு காய் எடுப்புக்கு நடுவுல டிரையரு சும்மாத்தான் கெடக்கு."

ஏலக்காய்க்குச் சூடு எவ்வளவு நுட்பமான விஷயம் என்று உங்களில் மலையோரத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஏறினால் தோல் வெடிக்கும், பச்சை நிறம் போய்விடும். குறைந்தால் வெளித்தோல் மொறுமொறுவென்று இருக்கும், உள்ளே விதை ஈரத்தோடு கிடக்கும். ஆறிய பிறகு அந்த ஈரம் மெதுவாக வெளியே வந்து தோலையும் நமத்துப்போக வைத்துவிடும். டிரையரிலிருந்து இறக்குகிறபோது கைக்குத் தெரியாது.

நான் மீட்டரைப் பனிக்கட்டித் தண்ணீரில் விட்டேன். முள் தயங்கியது, இறங்கியது, மெதுவானது. சுழியத்துக்கு வரவில்லை. நாலில் நின்றுவிட்டது. முகப்புக் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தேன், அசையவில்லை. பிறகு கொதிக்கிற தண்ணீரில் விட்டேன். பக்கத்தில், மற்ற மீட்டர்களை ஒத்துப் பார்க்க நம் பட்டறை வைத்திருக்கிற ஆதாரக் கண்ணாடி வெப்பமானி தொண்ணூற்றொன்பது காட்டியது, தேனியில் எப்போதும் அது காட்டுவதுபோல. டயல் நூற்றுமூன்று காட்டியது. கீழேயும் நாலு அதிகம், மேலேயும் நாலு அதிகம். தகடு களைத்துப்போனால் இப்படி ஒரே அளவாகப் பிசகாது. முதுகில் இருக்கிற சரிசெய்யும் திருகைப் பார்த்தேன். திருகு அசையாதிருக்க அதன் மேல் தடவுகிற பூட்டு வண்ணம் வெடித்திருந்தது. ஸ்பேனரின் பல் பட்ட தடம் புதிதாக மின்னியது.

யாரோ திருகியிருக்கிறார்கள். சந்தேகமே இல்லை. நாலு டிகிரி கூடுதலாகக் காட்டுகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். முள் ஐம்பது என்றால் அறைக்குள் நாற்பத்தாறுதான்.

ஈஸ்வரன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருகிருக்கா இல்லையா? அத மட்டும் சொல்லுங்கக்கா."

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் கொஞ்சம் நின்று யோசிக்கச் சொல்கிறேன். அவர் கேட்டது ஒரு சின்னக் கேள்வி. எனக்கு அதன் பதில் தெரியும். ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அதில் பொய் ஒரு துளியும் இல்லை. ஆனால் அவர் அந்த ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு மெட்டு ஏறுவார். அங்கே போய் அது 'ஆம், உங்கள் அண்ணன்தான் ஏமாற்றினார்' என்று ஆகிவிடும். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று பிறகு யாரிடம் போய்ச் சொல்வது?

"மீட்டர் நாலு கூடக் காட்டுது," என்றேன். "ஏன்னு எனக்கு இன்னும் தெரியாது. அது வேல செய்ற எடத்துல வச்சுப் பாக்காம நான் எதுவும் சொல்ல மாட்டேன். காலைல ஜீப்பக் கொண்டாங்க, நானும் வாறேன்."

"இதுக்கு மேல அங்கன வந்து என்னக்கா பாக்கப் போறீங்க?"

"தெரியல. வந்துதான் பாக்கணும்."

உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. ஏதோ ஒன்று பொருந்தாமல் இருந்தது. ஏமாற்ற நினைக்கிறவன் எதற்கு மீட்டரைத் திருக வேண்டும்? காயைச் சீக்கிரம் இறக்கினால் போதுமே. தன் டிரையரில், தான் மட்டும் பார்க்கிற முள்ளை, யாருக்காகத் திருத்த வேண்டும்?

மறுநாள் காலையில் கம்பத்தைத் தாண்டியதும் மழை விட்டிருந்தது. திராட்சைப் பந்தல்கள் நனைந்து பளபளத்தன. ஜீப் மெட்டுச் சாலையில் ஏற ஏற, பள்ளத்தாக்கு எங்களுக்குக் கீழே அகலமாக விரிந்துகொண்டே போனது. வயல், தென்னை, வாய்க்கால், நடுநடுவே வெள்ளைப் புள்ளிகளாக ஊர்கள். சில வளைவுகள் கழித்து மேகம் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. ஈஸ்வரன் கண்ணைச் சாலையில் வைத்து ஓட்டினார். ஆதாரக் கண்ணாடியைப் பஞ்சில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே வந்த ஈரக் காற்றை முகத்தில் வாங்கியபடி, நான் பாதிக் கனவில் இருந்தேன். யூகலிப்டஸ் வாசனை வந்தது. பிறகு எங்கிருந்தோ விறகுப் புகை. பிறகு என் காது அடைத்தது.

எச்சில் விழுங்கினேன். சட்டென்று திறந்து, ஜீப்பின் சத்தம் உள்ளே பாய்ந்தது. அடுத்த வளைவில் மறுபடி அடைத்தது. காது ஏன் அடைக்கிறது? மேலே காற்று லேசு. கீழே நம்மை அழுத்திக்கொண்டிருந்த காற்று இங்கே கொஞ்சம் கையை எடுத்துவிடுகிறது. காது உணர்கிறது. காது உணர்வதைத் தண்ணீரும் உணருமே…

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஈஸ்வரன் திரும்பிப் பார்த்தார்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. காது அடைக்கிது."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் ஊகம் சரியாக இருந்தால் அது அரைமணி நேரம் பொறுக்கும். தப்பாக இருந்தால், அந்த மனிதருக்கு ஒரு நம்பிக்கையைக் கொடுத்துப் பிறகு பிடுங்கியதாக ஆகிவிடும்.

தோட்டத்தில் பெரிய மரங்களின் கீழே ஏலச் செடிகள் இடுப்புயரத்துக்கும் மேலே நின்றன. இலையிலிருந்து சொட்டுகிற தண்ணீர்ச் சத்தம் எங்கும் கேட்டது. சுருளிவேல் டிரையர்க் கொட்டகையின் வாசலில் நின்றுகொண்டிருந்தார். தம்பியைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார். தலையில் உல்லன் தொப்பி. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"மீட்டருக்குன்னு தேனிலருந்து நீங்களே வந்துட்டீகளா தாயி! ஏலே ஈஸ்வரா, முன்னாடியே ஒரு வார்த்த சொல்லிருந்தா கோழி அடிச்சிருப்பம்ல."

ஈஸ்வரன் ஜீப்பைப் பார்த்தபடி நின்றார்.

சுருளிவேலின் மனைவி பவுன்தாயி உள்ளேயிருந்து பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்து கொடுத்தாள். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். "அண்ணாச்சி, இந்த மீட்டர் வாங்கி வந்தப்ப சரி பாத்தீங்களா?"

"பாக்காம இருப்பனா? பழைய கொட்டாயில கையாலதான் எல்லாம். இந்த வருசம் வாங்குன இந்த டிரையருக்கு முள்ளுதான் கண்ணு. கண்ணு தப்பாருந்தா என்னத்துக்கு ஆகும்? வந்த அன்னைக்கே தண்ணியக் கொதிக்க வச்சு உள்ள விட்டேன். நூறு காட்டணும்ல? நாலு கொறச்சலாக் காட்டுச்சு. பின்னாடி ஒரு திருகு இருந்துச்சு, மெல்லத் திருகி நூத்துல கொண்டாந்து நிப்பாட்டினேன்."

அவர் குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. நான் மூச்சை விட்டேன். ஆனால் எனக்கு முன்னால் ஈஸ்வரன் பேசிவிட்டார்.

"அப்பத் திருகுனது நீங்கதானாண்ணே?"

"ஆமா. ஏன்?"

"அதனாலதான் காயெல்லாம் ஈரமா வந்துச்சு! ஊரே சொல்லுது, எடைக்காக ஈரத்தோட எறக்குறோம்னு. கடையில நாலு பேரு முன்னாடி தலகுனிஞ்சு நின்னேன். நானும் அப்படி இருக்காது, இருக்காதுன்னு…" ஓரடி முன்னே வந்தார். "வேணும்னுதான் வச்சீங்களாண்ணே?"

கொட்டகைக்குள் அடுப்புச் சாம்பலில் ஏதோ வெடித்தது. சுருளிவேல் தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் பக்கத்தில் கிடந்த மீட்டரைப் பார்த்தார். நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. மலர்ந்த முகம் அப்படியே சுருங்கியதை நான் பார்த்தேன்.

விளக்கம் என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் நான் சொல்லி ஈஸ்வரன் நம்பினால், அது என்னை நம்புவதாகத்தான் இருக்கும். அண்ணனை நம்புவதாக இருக்காது. அதனால் பவுன்தாயியிடம், "கொஞ்சம் தண்ணி கொதிக்க வைங்க," என்றேன்.

கேஸ் அடுப்பைக் கொட்டகைக்கே கொண்டுவந்து பற்ற வைத்தாள். வாசல் வழியே மேகம் உள்ளே நுழைந்து, எங்கள் கால்களுக்கிடையே உலாவிவிட்டுப் போனது. தண்ணீரின் அடியில் சின்னச் சின்ன முத்துகள் கட்டின. பிறகு சலசலத்தது. பிறகு தளதளவென்று கொதித்தது. பஞ்சிலிருந்து ஆதாரக் கண்ணாடியை எடுத்து ஈஸ்வரன் கையில் கொடுத்தேன்.

"இது எங்க பட்டறைக் கண்ணாடி. நேத்து ஓங்க கண்ணு முன்னாடிதான தேனியில கொதிதண்ணில வச்சேன். என்ன காட்டுச்சு?"

"தொண்ணூத்தொம்பது."

"இப்ப நீங்களே விடுங்க. நீங்களே படிங்க."

அவர் குனிந்தார். ஆவி முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தொண்ணூத்தாறுக்கிட்ட நிக்கிது. இன்னும் ஏறும்."

"ஏறட்டும்."

ஏறவில்லை. பவுன்தாயி தீயைக் கூட்டினாள். தண்ணீர் பாத்திரத்துக்கு வெளியே துள்ளியது. கண்ணாடிக்குள் இருந்த பாதரச இழை இம்மியும் நகரவில்லை.

"ஒங்க கண்ணாடியும் தப்பா தாயி?" என்றார் சுருளிவேல். அவர் கிட்டே வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"கண்ணாடி சரிதாண்ணாச்சி. மீட்டரும் அன்னைக்குச் சரியாத்தான் காட்டுச்சு. இங்கன தண்ணி கொதிக்கிறதே தொண்ணூத்தாறுலதான். மேல வர வரக் காத்து லேசாகும், தண்ணி சீக்கிரமே கொதிச்சிரும். நூறுங்கிறது கடலோரத்துக் கணக்கு. நீங்க அத மலையில தேடிருக்கீங்க. சரியா இருந்த முள்ள, இன்னும் சரியா வைக்கணும்னு நாலு தள்ளி வச்சுட்டீங்க."

முதலில் பேசியது பவுன்தாயிதான்.

"அதான் இங்கன பருப்பு வேக அம்புட்டு நேரமாகுதா? கல்யாணமாகி வந்த புதுசுல எங்க மாமியா, எங்கையில வெறகு எரிஞ்சாலும் பருப்பு வேகாதுன்னு சொல்லிட்டே இருந்தாக. எத்தன நா அழுதிருக்கேன்!"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சகோதரர்கள் இருவரும் சிரிக்கவில்லை. சுருளிவேல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மழை சொட்டுகிற செடிகளுக்கு நடுவே போய்விட்டார். ஈஸ்வரன் கொதிக்கிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என் வேலை இருந்தது. முள்ளைத் தொண்ணூற்றாறில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

வெகுநேரம் கழித்து சுருளிவேல் திரும்பி வந்தார். தம்பியின் எதிரே நின்றார். கோபமில்லாத குரல். அதுதான் எனக்கு இன்றும் காதில் இருக்கிறது.

"மீட்டரு தப்புன்னு தண்ணியில வச்சுப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்ட. சரி. நான் தப்புன்னு எதுல வச்சுடா பாத்த?"

ஈஸ்வரன் அண்ணன் கையைப் பிடிக்கப் போனார். சுருளிவேல் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை.

திரும்பி வந்த மூட்டைகளை மறுபடி டிரையரில் ஏற்றினார்கள். நிறம் கொஞ்சம் மங்கியது, ஆனாலும் காய் தப்பியது. போடிக் கடைக்காரரிடம் ஈஸ்வரனே போய், கெட்டுப்போனது சூட்டுக் கணக்குதான், எங்கள் அண்ணன் இல்லை என்று, அதே நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டு வந்ததாகக் கேள்விப்பட்டேன்.

இத்தோடு முடித்தால் நல்லபடியாக இருக்கும். நம் வேலை அங்கே முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அடுத்த பருவத்துக்கு முன்னால் சுருளிவேலிடமிருந்து போன் வந்தது. மீட்டரை வந்து பார்த்துக் கொடுங்கள் தாயி என்று. "ஒங்களுக்கே பாக்கத் தெரியுமேண்ணாச்சி, தண்ணி தொண்ணூத்தாறுல நின்னாச் சரி," என்றேன். "இல்ல தாயி, நீங்க வாங்க," என்றார். போனேன். தம்பியும் வரவழைக்கப்பட்டிருந்தார். தண்ணீர் கொதித்தது. சுருளிவேல் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். "ஈஸ்வரா, நீ படி," என்றார். தம்பி படித்தார். திருகு அசையவே இல்லை, அசைக்க வேண்டிய தேவையும் இல்லை. அதற்கடுத்த பருவமும் அப்படித்தான். அதற்கடுத்ததும். மீன் குழம்பும் சோறும் போட்டு, ஜீப்பில் ஏற்றி அனுப்புவார்கள். அண்ணன் தம்பி நன்றாகத்தான் பேசிக்கொள்வார்கள். ஆனால் அந்தக் கைகள் மட்டும் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கும்.

மெட்டு இறங்கும்போது மேகம் விலகி, கீழே பள்ளத்தாக்கு வெயிலில் கிடப்பது தெரியும். என்னால் ஒரு முள்ளைத்தான் சரியான இடத்தில் நிறுத்த முடிந்தது என்று நினைத்துக்கொள்வேன். சாட்சிக்காக ஒரு மூன்றாம் ஆள் மலையேறிப் போகிற வேலை எனக்குக் கசந்தது. ஆனாலும் கூப்பிட்டபோதெல்லாம் போனேன். போகாமல் இருந்தால் அவர் யார் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்?

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின பருவத்தில் ஈஸ்வரனிடமிருந்து போன் வந்தது. நான் என்றைக்கு வருகிறேன் என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"அக்கா, இந்தத் தடவ நீங்க வர வேணாம்."

"ஏன், என்னாச்சு?"

"அண்ணனே கொதிக்க வச்சுப் பாத்துட்டாக. சரியா இருக்காம். அடுப்புப் பத்த வச்சு மொத எடுப்பும் ஏத்திட்டாக."

"நீங்க பக்கத்துல நின்னீங்களா?"

"இல்லக்கா," என்றார் ஈஸ்வரன். "நான் கம்பத்துல கடையில இருந்தேன்."